கரி செய்கிறவர்களே, எங்கள் கிணற்றுக் கணக்கைக் கொடுங்கள்

உமி, மல்லாட்டை (நிலக்கடலை)த் தோல், கரும்புச் சோகை, முந்திரிக்கொட்டைத் தோடு என்று பயிரில் மிஞ்சுவதைக் கரியாக்கி, அதைக்கொண்டு தண்ணீரில் கலந்த ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை நீக்க ஆராய்ச்சி செய்துவரும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், அந்த ஆராய்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்:

ஐயா, அம்மா,

கடலூருக்குத் தெற்கே, உப்பனாற்றை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் புகைபோக்கிகள் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். சென்ற கோடையில் உங்களைப் போன்ற ஒரு குழு எங்கள் தெருவுக்கு வந்து போர் தண்ணீரும் கைபம்புத் தண்ணீரும் பிடித்துப் போனது. பாட்டிலில் சில துளி அமிலம் விட்டு, லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். போரின் ஆழம், வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை. நாங்களே போய்க் கேட்டபோது, கட்டுரை வெளியாகும்வரை எண்களை வெளியே தருவதில்லை என்று துறையில் முடிவெடுத்திருப்பதாகப் பதில் வந்தது.

இந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. வந்த மாணவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்பது ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு முதலில் தெரிந்து, அதைக் குடிக்கிறவர்களுக்குக் கடைசியில் தெரிவது எந்த வகை நியாயம்? இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் அதே தண்ணீரில்தான் சோறு வடிக்கிறோம்.

குடிக்கத்தான் கேன் தண்ணீர், அதுவும் வாங்க முடிந்த வீடுகளில். மாவரைக்க, குழம்பு வைக்க, மாட்டுக்குக் காட்ட எல்லாம் போர் தண்ணீர்தான். காய்ச்சிக் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிருமிக்கு அது சரி. ஈயமோ காட்மியமோ கொதித்தால் ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இதை எங்கள் ஊரில் விளக்குவது சுலபமாக இல்லை. இரும்பு கலந்த தண்ணீர் வாளியில் காவி படியும், டீ கருத்துப் போகும், அதனால் அந்தப் போரைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பக்கத்துப் போரில் தண்ணீர் பளிங்காக வருகிறது என்று அங்கே குடம் வைக்கிறார்கள். ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பளிங்குத் தண்ணீரில் அது இருக்கலாம், காவித் தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் கருவி சொன்னால்தான் தெரியும்.

இந்தப் பகுதி கெட்டுப்போயிருக்கிறது என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது கடலூருக்கு 77.45 புள்ளி கொடுத்தது. 70-ஐத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி என்று கணக்கு. அப்படி அறிவிக்கப்பட்ட 43 இடங்களில் எங்களுடையதும் ஒன்று. இப்படிப்பட்ட எண் ஒரு கட்டுரையின் முன்னுரைக்கு வசதியாக இருக்கும். எங்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே புள்ளி போட்டால், என் வீட்டுப் போரை மூடுவதா, பள்ளிக்கூடக் கைபம்பை மூடுவதா என்று அதிலிருந்து முடிவெடுக்க முடியாது. எந்தக் கிணறு, எந்த ஆழம், எந்த உலோகம், எவ்வளவு என்பதுதான் எங்களுக்கு வேண்டும். அது உங்கள் அலமாரியில் இருக்கிறது.

அடுத்தது கரி விஷயம். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு நிலத்துக்கே திரும்பி வந்தவன். அண்ணன் மகள் எம்.எஸ்சி. படிக்கிறாள், அவள் உதவியோடு உங்கள் துறையின் கட்டுரைகளை ஆர்வமாகவே படித்து வருகிறேன். எங்கள் வரப்பில் கிடப்பதை வைத்து எங்கள் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியும் என்றால் அதைவிட நல்ல செய்தி எனக்கு வேறு இல்லை. காற்று அதிகம் புகாமல் 300 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் தோலும் சோகையும் எரிந்து சாம்பலாகாமல், நுண்துளைகள் நிறைந்த கரியாகின்றன. அந்தப் பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளும், சாம்பலில் இருக்கும் கார்பனேட்டும் பாஸ்பேட்டும் ஈயம், காட்மியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கின்றன. ஆர்சனிக்கும் குரோமேட்டும் தண்ணீரில் எதிர்மின் அயனிகளாக இருப்பதால் சாதாரணக் கரிக்கு அவ்வளவாக வசப்படுவதில்லை. அதற்காக இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுடுகிறீர்கள். துளைகளைப் பெருக்கப் பாஸ்பாரிக் அமிலமோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ சேர்க்கிறீர்கள். வேலை புத்திசாலித்தனமானது, அதில் சந்தேகம் இல்லை.

என் சந்தேகம் நீங்கள் எந்தத் தண்ணீரில் சோதிக்கிறீர்கள் என்பதில். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை வடிநீரில் (காய்ச்சி வடித்த தூய நீரில்) ஒரே ஒரு உலோக உப்பைக் கரைத்த கரைசல்கள். செறிவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று போகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஈயத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. அதாவது வரம்பைப்போல 5,000 மடங்கு ஈயம் உள்ள தண்ணீரை எடுத்து, 99 விழுக்காடு நீக்கிவிட்டோம் என்று எழுதுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50-ல் 99 விழுக்காடு போனால் மீதி 0.5. வரம்பைப்போல 50 மடங்கு. கட்டுரைச் சுருக்கத்தில் 99 என்று வாசிக்கும் அதிகாரிக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்தத் தண்ணீரை என் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. ஈயம் இவ்வளவு வரை இருந்தால் குழந்தையின் மூளைக்கு ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு இதுவரை அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் பிடிக்கும் என்று நீங்கள் போடும் அதிகபட்சக் கொள்ளளவுக்கும் இதே கதைதான். அது செறிவு மிகுந்த கரைசலில் வந்த எண். கிணற்றில் உலோகம் மிகச் சிறிய அளவில் இருக்கும்போது அதே கரி அந்தக் கொள்ளளவில் ஒரு சிறு பங்கைத்தான் பிடிக்கும் என்பதை உங்கள் வரைபடத்தில் செறிவு குறைந்த இடது ஓரத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அந்த ஓரத்தைத்தான் யாரும் பெரிதுபடுத்திக் காட்டுவதில்லை.

எங்கள் தண்ணீர் வடிநீரும் இல்லை. கடல் பக்கம், உப்பனாற்றில் ஓதம் ஏறி இறங்குகிறது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் குளோரைடும் தண்ணீரில் உண்டு. கரியின் பரப்பில் இடத்துக்காக ஈயத்தோடு இவையெல்லாம் போட்டி போடும், அதுவும் பல ஆயிரம் மடங்கு எண்ணிக்கையில். காட்மியம் குளோரைடோடு சேர்ந்து கரைந்தே நின்றுவிடும், கரியின் பக்கம் அவ்வளவாக வராது. நீங்கள் மிகச் சிறந்த முடிவு என்று காட்டுவது பெரும்பாலும் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 5, 6-ல். போர் தண்ணீர் பொதுவாக 7-க்கு மேல். பி.எச். ஏறும்போது ஈயம் தானாகவே வீழ்படிவாகி அடியில் தங்கும். அதையும் கரியின் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பொடி! மாவு மாதிரி அரைத்த கரியைக் குடுவையில் போட்டு மணிக்கணக்கில் குலுக்கி, வடிதாளில் வடிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் யார் குலுக்குவது? பானையில் கொட்டினால் கரிப்பொடி தண்ணீரோடு டம்ளருக்கு வரும், உலோகத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. குருணையாக்கி, குழாயில் அடைத்து, மேலிருந்து தண்ணீர் விட்டு, எத்தனை குடத்துக்குப் பிறகு உலோகம் கீழே எட்டிப் பார்க்கிறது என்று பார்க்கும் சோதனைதான் எங்களுக்குப் பயன்படும். அதைச் செய்தவர்கள் குறைவு.

நானும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பெரிய டிரம்முக்குள் சின்ன டிரம் வைத்து, உள்ளே மல்லாட்டைத் தோல், வெளியே சவுக்கு மிலாறு போட்டு எரித்துக் கரி எடுத்தேன். நன்றாகவே வந்தது. கழுவின தண்ணீர் கையில் வழுவழுவென்று இருந்தது, சாம்பலின் காரம். மணலும் கரியும் அடுக்கி வடித்ததில் காவி நிறம் குறைந்தது, பார்த்தவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். ஈயம் குறைந்ததா என்று ஒருவர் கேட்டார். அதைச் சொல்ல ஏ.ஏ.எஸ்., ஐ.சி.பி. போன்ற, உலோகத்தை நுண்ணளவில் அளக்கும் கருவி வேண்டும், எங்கள் ஊரில் அது இல்லை. வடித்த தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டோம். நிறம் போனதைப் பார்த்து யாராவது குடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், டிரம்மைக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதும் இன்னொரு வரியும் எனக்கு உறுத்துகிறது. இந்தப் பொருள்கள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும், யாருக்கும் வேண்டாதவை என்று. கடலூர் மாவட்டத்தில் வந்து விசாரியுங்கள். உமி அரிசி ஆலையின் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் விலைக்குப் போகிறது. கரும்புச் சக்கையை ஆலைகளே எரித்து மின்சாரம் எடுக்கின்றன. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோட்டிலிருந்து எண்ணெய் பிழிகிறார்கள். பிழிந்த சக்கையும் எரிபொருள். வைக்கோல் மாட்டுக்கு. உண்மையிலேயே வயலில் வைத்துக் கொளுத்தப்படுவது கரும்புச் சோகைதான், அதைச் சேகரிக்க ஆள்கூலி உண்டு. கரி செய்யும் யோசனையைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. செலவுக் கணக்கில் பூஜ்யம் என்று போட்டுவிட்டு, ஆர்.ஓ.வைவிடப் பல மடங்கு மலிவு என்று முடிக்காதீர்கள். அமிலமும் காரமும் இரும்பு உப்பும் விலைக்கு வாங்குபவைதான். கரியைக் கழுவும்போது வெளியேறும் அமிலத் தண்ணீர் எங்கே போகும் என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கழிவுநீர்க் கால்வாயை நாங்கள் வரவேற்க மாட்டோம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை தீர்ந்துபோன கரி. உலோகத்தைக் குடித்து முடித்த கரி, வேலை முடிந்ததும் கருப்பாகத்தான் இருக்கும், பார்த்தால் புதுக் கரி மாதிரியே. மண்ணுக்கு பயோசார் (இப்படிச் சுட்ட கரி) நல்லது, ஈரம் பிடிக்கும், உரத்தைத் தேக்கும் என்று விவசாயிகளிடம் சொல்லப்பட்டு வருகிறது, அது உண்மைதான். அப்படியிருக்க, வடிகட்டியிலிருந்து எடுத்த கரியை எங்கள் ஊர்க்காரர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? கத்தரிப் பாத்தியில் போடுவார். இல்லையென்றால் அடுப்பில் போடுவார். தண்ணீரிலிருந்து எடுத்த காட்மியம் கீரை வழியாகத் திரும்பச் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, உலோகம் வரம்புக்கு மேல் கசியும் கழிவை அதற்கென்று அமைத்த இடத்தில்தான் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்று சென்னைக்கும் வடக்கே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சில கிலோ கரியைப் பையில் கட்டிக்கொண்டு அங்கே போகுமா? அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று ஐந்து சுற்று காட்டியிருப்பீர்கள். அந்த அமிலத்தில் இறங்கிய ஈயத்தை எங்கே ஊற்றினீர்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆய்வகத்திலிருந்து கிராமத்துக்கு வந்த வடிகட்டிகள் இருக்கின்றன. வங்கதேசத்தில் ஆர்சனிக் கிணறுகளுக்காக வேதியியல் பேராசிரியர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் மணல், செங்கல் சல்லி, மரக்கரி, இரும்புக் கலவை என்று எல்லாம் அந்தந்த ஊரில் கிடைக்கும் பொருள்கள். 2007-ல் அதற்கு அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடை வைத்து உருவாக்கிய அம்ரித் தொழில்நுட்பம் மேற்கு வங்கத்தின் ஆர்சனிக் கிராமங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. அவர்கள் குடுவையோடு நிற்கவில்லை; மக்கள் குடிக்கும் உண்மையான தண்ணீரில் இறங்கினார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சிதம்பரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எங்கள் ஊருக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரி வடிகட்டிகளை இலவசமாகக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள ஆலைகள் சந்தோஷமாக முன்வரும். எங்கள் குடத்தில் கரி போடுவது ஆலைக் கழிவைத் தடுப்பதற்கு மாற்றாகாது. வடிகட்டி வந்துவிட்டது, இனி புகார் எதற்கு என்று யாரும் கேட்கும்படி உங்கள் ஆராய்ச்சி பயன்படுவதை அனுமதிக்காதீர்கள்.

நாங்கள் கேட்பது இவை.

எங்கள் ஊரில் பிடித்த ஒவ்வொரு மாதிரியின் முடிவையும், இந்த மடல் கிடைத்த ஒரு மாதத்துக்குள், அந்தந்த வீட்டுக்குத் தமிழில் எழுத்தாகக் கொடுங்கள். பக்கத்திலேயே அனுமதி வரம்பையும் போடுங்கள். வரம்பைத் தாண்டிய பொதுக் கைபம்பு இருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஊராட்சியிடம் சொல்லுங்கள். கட்டுரை பிறகு வரட்டும். எங்கள் போரின் எண்ணை நாங்கள் தெரிந்துகொள்வதால் உங்கள் கண்டுபிடிப்பு பழசாகிவிடாது.

இனி மாதிரி எடுக்க வருகிறவர்கள், முடிவு எப்போது, யார் மூலம் வரும் என்று கையெழுத்திட்ட தாளைக் கொடுத்த பிறகே பாட்டிலைத் திறக்கட்டும். அந்தத் தாள் இல்லாமல் தண்ணீர் தருவதில்லை என்று எங்கள் தெருவில் பேசி வைத்திருக்கிறோம்.

கரியை எங்கள் தண்ணீரில் சோதியுங்கள். உலோகங்கள் எல்லாம் கலந்தபடியே, உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறபடியே, நிஜமான செறிவில், குருணைக் கரி அடைத்த குழாயில். எத்தனை விழுக்காடு நீங்கியது என்பதோடு, கடைசியில் லிட்டருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதைச் சுருக்கத்திலேயே எழுதுங்கள். கரியிலிருந்து இரும்போ பாஸ்பேட்டோ வேறு எதுவுமோ தண்ணீரில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். சரிவராது என்று தெரிந்தால் அதையும் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் வேறு வழி கேட்போம்.

வெள்ளோட்டம் பார்ப்பதானால் வீட்டுக்கு வீடு பானை கொடுக்க வேண்டாம். பொதுத் தொட்டி ஒன்றில் வையுங்கள். உங்கள் ஆய்வகத்தைச் சேராத ஒருவர் மாதாமாதம் அளக்கட்டும். அளவைத் தொட்டிச் சுவரிலேயே எழுதட்டும். பழைய கரியை யார் எடுத்துப் போவது, எந்தத் தேதியில், எங்கே என்று முதல் நாளே எழுதித் தாருங்கள். இந்தப் பதில் இல்லாத வடிகட்டியை ஊருக்குள் விட மாட்டோம். சோகை சேகரிப்பு, கரி சுடுவது, தொட்டியைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்கு எங்கள் ஊர்ப் பெண்களையும் இளைஞர்களையும் கூலி கொடுத்து எடுங்கள். என் டிரம்மும் இடமும் உங்களுக்கு உண்டு, அதற்கு வாடகை வேண்டாம்.

நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரே கோரிக்கை. மக்களின் கிணற்றிலிருந்து மாதிரி எடுக்கும் எந்தத் திட்டத்துக்கும், முடிவை அந்த மக்களிடம் சேர்த்ததற்கான ஒப்புகை வராமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உப்பனாற்றங்கரை விவசாயி ஒருவர்